காலிக் குடம் எதிரே வராத நாள்

டில்லிக்குப் போய் நான் செய்த முதல் தேச சேவை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றதுதான். பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கென்று ஒதுக்கிய கட்டடத்தில் எனக்கும் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பெட்டியைக் கீழே வைத்தேன். குழாயைத் திருகினேன். தண்ணீர் கொட்டியது. எதிர்ப்பக்கம் திருகினேன், நின்றது. மறுபடி திருகினேன், மறுபடி கொட்டியது. வரிசை இல்லை, சண்டை இல்லை, ஏன் என்று கேட்க ஆள் இல்லை. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா என்று கேட்கும்வரை திருகிக்கொண்டே இருந்தேன்.

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய காட்சி டில்லியில் இல்லை. எங்கள் ஊரில் பல வீடுகளில் கிணறு உண்டு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாயில் விட்டால் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்கு வெளியே ‘நல்லதண்ணிக் கிணறு’ என்று ஒன்று. சித்திரை பிறந்தால் அதிலும் தரை தெரியும். ஒரு ஆள் அடியில் இறங்கி, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வழித்து வாளியில் ஊற்றுவார். மேலே பெண்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணப் பேச்சு அங்கேதான், மாமியார் புராணம் அங்கேதான். ஒருத்திக்கு அந்த வரிசையிலேயே இடுப்புவலி கண்டு, குடத்தை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளை பெறப் போனாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கரிசல்காட்டு ஜனமெல்லாம் வண்டி கட்டி வந்து இறங்கும். அம்மனைப் பார்த்துவிட்டு வயிற்றுப்போக்கோடு திரும்பிப்போய், வீடு சேராதவர்களும் உண்டு.

நான் நூல் கடை வைத்திருந்தவன். நெசவாளிகளிடம் பாக்கி வசூலிக்கத் தெரியாமல், சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே பொழுதைப் போக்கியவன். அப்படிப்பட்டவனைத் தேர்தலில் நிறுத்தியதற்குக் காரணம் ரொம்பச் சுலபம். கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் மோதிக்கொண்டார்கள். இவர் நின்றால் அவர் கவிழ்ப்பார், அவர் நின்றால் இவர் கவிழ்ப்பார். யாரும் பகையாக எடுத்துக்கொள்ளாத ஒரு கோமாளி தேவைப்பட்டான். தெருவில் போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு மாலையைப் போட்டுவிட்டார்கள்.

தேரடியில் போட்ட கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வாய் தானாக உளறியது: “உங்க வோட்டை எனக்குப் போடுங்க. டில்லிக்குப் போயி குழாய்த்தண்ணி கொண்டாரேன். கொண்டாரலைன்னா, நானே சேலையைக் கட்டிக்கிட்டு, இடுப்புல கொடத்தோட நல்லதண்ணிக் கிணத்துக்கு வாரேன். எம் பொஞ்சாதி வீட்டுல காலை நீட்டி உக்காந்திருக்கட்டும்!”

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. ஜெயித்துவிட்டேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், “சேலையெல்லாம் வேண்டாம், குழாயைக் கொண்டாங்க” என்றாள்.

திட்டம் ஒன்றும் ஆகாசத்தைக் கேட்பதல்ல. மேற்கே மலையடிவாரத்தில், சிவகிரிப் பக்கம், நல்ல ஊற்று இருக்கிறது. அங்கே பெரிய கிணறு வெட்டி, இயந்திரம் வைத்து, குழாய் பதித்து ஊருக்குக் கொண்டுவரவேண்டும். பஞ்சாயத்துப் பணத்தில் அது ஆகாது. மதராஸில் கேட்டால், மத்திய சர்க்கார் உதவி கிடைத்தால் பார்க்கலாம் என்றார்கள். டில்லியில் கேட்டால், மாகாண சர்க்கார் சிபாரிசு செய்தால் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு பேரும் பார்க்கத் தயார்தான். நடுவில் ரயிலில் போய்வந்து போய்வந்து என் வேட்டியெல்லாம் கரியாகியது.

சபையில் நான் முதன்முதலாகக் கேள்வி கேட்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் நாலு வாக்கியம் எழுதி, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்கு நடுவே மனப்பாடம் செய்திருந்தேன். சபையில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. அதனால் வாக்கியமும் வரவில்லை. கால் இரண்டும் ஆட, முன்பெஞ்சுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்கு மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடித் தம்ளரில் வந்தது. “ஸார், இதுதான், இதைத்தான் கேட்கிறேன்!” என்று தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். சபை சிரித்தது. மறுநாள் காரிடாரில் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் அங்கேயும் ‘தமாஷான மெம்பர்’ ஆனேன். அது எனக்கு எவ்வளவு பெரிய வினையாக முடியும் என்று அன்றைக்குத் தெரியாது.

ஆனாலும் என் வாழ்க்கையில் ஒரே ஒரு பயம் எனக்கு உபகாரம் செய்திருக்கிறது. இலாகாவின் காரியதரிசியைப் பார்க்க நாள் கிடைத்தது. வடநாட்டுக்காரர், நெற்றியில் சந்தனம், பக்திமான். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சீசாவில் அடைத்து, துணியில் சுற்றி, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும் என்பது என் யோசனை. உள்ளே போனதும் வழக்கம்போல இங்கிலீஷ் ஓடிப்போயிற்று. சீசாவை நீட்டி, “கோவில் ஊர். தண்ணீர். தயவுசெய்து” என்று மட்டும் சொன்னேன்.

மனிதர் சட்டென்று எழுந்தார். பூட்ஸைக் கழற்றினார். வலது கையைக் குழித்து நீட்டினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஊற்றிவிட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே வாயாகக் குடித்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பக்தி ஜெயித்தது, விழுங்கிவிட்டார்.

“ஸ்வாமிக்கு அபிஷேகம் செய்ததா?” என்றார் மெதுவாக.

“இல்லை ஸார். எங்களுக்குச் சோறு பொங்குவது.”

வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணியை அடித்து, எங்கள் ஊர்க் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. மத்திய சர்க்காரின் எஞ்சினியர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். தண்ணீர்த் தட்டுப்பாடு மெய்தான் என்று அவர் எழுதிவிட்டால் பணம் வரும். மதராஸும் அதற்கு ஒப்புக்கொண்டாயிற்று. இனி அவர் கண்ணால் பார்க்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதுவும் சித்திரை மாதத்தில்! எங்கள் ஊரின் வறட்சியைக் குருடன்கூடப் பார்த்துவிடுவான் என்று துள்ளினேன். எஞ்சினியரோடு இன்ன நாள் காலை ரயிலில் வருகிறேன் என்று பஞ்சாயத்துத் தலைவருக்குத் தந்தி கொடுத்தேன். அவ்வளவுதான் கொடுத்தேன். வேறு ஒரு வார்த்தை இல்லை.

எஞ்சினியர் நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பேன். நெட்டையான ஆள், தலையில் தொப்பி, கழுத்தில் காமிரா, பையில் கிணற்றை அளக்கிற நாடா. விருதுநகரில் ரயில் மாறியதிலிருந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மேற்கே மலையைப் பார்த்தேன். மலைமேல் ஒரு மேகம்.

எனக்கு உயிர் போய்விட்டது. பத்து மாதமாக எட்டிப் பார்க்காத மழை இன்றைக்கென்று பெய்துவிட்டால்? குளம் குட்டையெல்லாம் மினுங்கி, தவளை கத்தி என் மானத்தை வாங்கிவிட்டால்? மழை வேண்டும் என்று எந்த அம்மனுக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேனோ, அதே அம்மனிடம், ‘தாயே, இன்னைக்கு மட்டும் வேண்டாம், ரெண்டு தேங்காயா உடைக்கேன்’ என்று வேண்டிக்கொண்டேன். மலையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு எஞ்சினியர், “அழகான மலை” என்றார். “ஆமாம் ஸார்” என்று வேர்வையைத் துடைத்தேன். ராஜபாளையம் தாண்டியதும் மேகம் கலைந்தது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று குதூகலித்தேன்.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கினேன். மண்வாசனை அடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வானம் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். பிளாட்பாரம் ஈரம். நாதஸ்வரம் ஊத, பஞ்சாயத்துத் தலைவர் பட்டு அங்கவஸ்திரமும் மாலையுமாக வந்தார். மாலையை எஞ்சினியருக்குப் போட்டுவிட்டு என் காதுக்கு வந்தார்.

“எப்படி அண்ணாச்சி, பாத்தியளா நம்ம ஏற்பாட்டை?”

“என்ன வே இது, தரையெல்லாம் நனைஞ்சு கெடக்கு?”

“தெளிச்சிருக்கு. இங்கன இருந்து தேரடி வரைக்கும் தெளிச்சிருக்கு. புழுதி பறந்து அவரு கண்ணுல விழுந்தா நல்லாவா இருக்கும்?”

“தண்ணி ஏது?”

“சிவகிரிப் பக்கம் மலையடிவாரத்துல இருந்து பீப்பாய்ல கொண்டாந்தோம். ஊர்ல உள்ள வண்டி பூராவும் போச்சு. மாடெல்லாம் நுரை தள்ளிட்டு. ஒரு மனுசன் மொகம் சுளிக்கலையே! உங்களுக்காகத்தான் அண்ணாச்சி, எல்லாம் உங்க மொகத்துக்காகத்தான்.”

அவர் கையை நெரித்துவிடுவதுபோலப் பிடித்தேன். நன்றியினால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குதிரை வண்டியில் ஏறி ரதவீதிக்குள் நுழைந்தோம். ஒரு வீடு பாக்கியில்லை. வாசல் தெளித்து, தெருவடைத்துக் கோலம். ஒவ்வொரு வாசலிலும் புளி போட்டுத் தேய்த்த செம்பு, பித்தளைக் குடம். விளிம்புவரை தண்ணீர், மேலே மாவிலை, குங்குமம். பக்கத்தில் தலைகுளித்து, பூவைத்து, அந்த வீட்டுப் பெண். வெயில் குடத்துக்குக் குடம் தாவி எங்கள் கூடவே வந்தது. இரண்டு இடத்தில் தண்ணீர்ப்பந்தல் வேறு, பானகம், மோர்.

“தண்டோராப் போட்டாச்சு” என்றார் தலைவர், வண்டியின் படியில் தொற்றிக்கொண்டு. “இன்னைக்குத் தெருவுல ஒரு காலிக்கொடம் கண்ணுல படக்கூடாதுன்னு. எவ்வளவு பெரிய காரியமா வாராரு! எதிர்ல காலிக்கொடத்தோட ஒருத்தி வந்தா வெளங்குமா? குழாய் வரணும்லா, அண்ணாச்சி?”

அவரை நான் எப்படிக் குறைசொல்வேன்? தேர்தலன்று காலை வாசலை விட்டு இறங்கியதும் காலிக் குடத்தோடு ஒருத்தி எதிரே வந்தாள் என்று திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பியவன்தானே நான். எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போனாலும், வழக்குக்குப் போனாலும், மாடு வாங்கப் போனாலும் யாராவது ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வரும்படி முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுத்தான் போவார்கள். குழாய் என்பது இது எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம். அதற்கு ஒருத்தி போதுமா? ஊரே நின்றது. குழாய் வந்தே ஆகவேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு தண்ணீரையும் நிறைத்து வைத்துக்கொண்டு நின்றது.

எஞ்சினியர் வண்டியை நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்தார். “உங்கள் ஜனங்கள் சந்தோஷமான ஜனங்கள்” என்றார். பந்தலில் மோர் குடித்தார். பிறகு வெறும் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டு, “இனிப்பாக இருக்கிறதே!” என்றார்.

“ஸார், இது எங்கள் தண்ணீர் இல்லை. மலையிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது.”

“அப்படியா? வாரத்துக்கு எத்தனை தடவை கொண்டுவருவீர்கள்?”

“இன்றைக்கு மட்டும்தான் ஸார்.”

“ஏன் இன்றைக்கு?”

“நீங்கள் வந்ததால்.”

அவர் சிரித்தார். என் தோளைத் தட்டினார். “நீங்கள் தமாஷான மெம்பர் என்று டில்லியில் சொன்னார்கள்.”

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வண்டியை விட்டுக் குதித்து, ஒரு வீட்டுக்குள் ஓடி, கொல்லைக் கிணற்றில் நானே வாளியை விட்டு உப்புத்தண்ணீர் இறைத்து, செம்பில் ஊற்றி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு எஞ்சினியரிடம் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்து செம்பைப் பிடுங்கினார்.

“என்ன அண்ணாச்சி, கூறு கெட்டுப் போச்சா உங்களுக்கு? விருந்தாளிக்குக் குடுக்கிற தண்ணியா இது?” என்று சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, வெள்ளித் தம்ளரில் மலைத்தண்ணீரை நீட்டினார். எஞ்சினியர் அதையும் குடித்தார். அன்றைக்கு அந்த மனிதர் குடித்த தண்ணீரில் ஒரு குளமே நிறையும்.

எங்கள் வீட்டு வாசலும் வந்தது. கல்யாணத்துக்குச் சீராக வந்த பெரிய பித்தளை அண்டாவையே நிறைத்து வைத்துக்கொண்டு என் மனைவி நின்றாள். இரண்டு நாளாகக் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து அதில் சேர்த்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, ‘எப்படி?’ என்று கண்ணால் கேட்டாள்.

இனி நல்லதண்ணிக் கிணறு ஒன்றுதான் கதி. அந்த வரிசையைப் பார்த்தால் கல்லும் கரைந்துவிடும். அந்தச் சிரட்டைச் சத்தத்தைக் கேட்டால் போதும். எஞ்சினியரை இழுக்காத குறையாக அங்கே கொண்டுபோனேன்.

கிணற்றடியில் ஈ காக்கை இல்லை.

“பொம்பளையள் எங்க வே?”

“வாசல்ல நிக்காவல்லா அண்ணாச்சி? இங்கன குடுமியப் பிடிச்சுச் சண்டை போட்டுக்கிட்டு நின்னா, வந்த மனுசன் நம்ம ஊரைப்பத்தி என்ன நினைப்பாரு? அதோட, ரெண்டு நாளா ஒரு பய கயிறு போடலை. ஊர்க்கிணறு வறண்டு கெடக்கதைப் பாக்கவா அவரு டில்லியில இருந்து வந்திருக்காரு?”

“அதைப் பாக்கத்தானய்யா வந்திருக்காரு!” என்று கத்த வாயைத் திறந்தேன். எஞ்சினியர் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

சிரட்டையால் வழிக்கிற ஆள் புதுத்துண்டு போர்த்தி, கை கட்டி நின்றார். “கொஞ்சம் உள்ள எறங்கும் வே. சிரட்டையால எப்படி வழிப்பேருன்னு அவருக்குக் காட்டும்” என்று கெஞ்சினேன்.

“இன்னைக்குச் சிரட்டைக்கு வேலையே இல்ல அண்ணாச்சி!” என்றார் அவர், முகம் மலர்ந்து. “வாளி முங்குது!” முக்கிக் காட்டவும் செய்தார். எஞ்சினியர் நாடாவை விட்டு அளந்து குறித்துக்கொண்டு, “கோடைகாலத்துக்கு மோசமில்லை” என்றார்.

அந்தக் கிணற்றிலேயே குதித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. நீந்தத் தெரியாது. ஆனால் நான் முங்கிச் செத்தால், ஆள் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தது என்பதற்கு அது இன்னொரு சாட்சி ஆகிவிடும். அதனால் குதிக்கவில்லை.

சாயங்கால ரயிலுக்கு ஊரே ஸ்டேஷனுக்கு வந்தது. ஜன்னல் வழியாக எஞ்சினியர் கை அசைத்தார். “குழாய் வந்தாச்சுன்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி. ஒரு அபசகுனம் உண்டா இன்னைக்கு!” என்றார் தலைவர். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “அவரு எழுதிருவாரா?”

“எழுதிருவாரு” என்றேன். எழுதத்தான் செய்தார்.

மழைக்காலக் கூட்டத்தொடரில் நான் கேட்ட கேள்விக்கு மந்திரி பதில் சொன்னார். ஊரை நேரில் பார்த்தாயிற்று; இருக்கிற நீர்நிலைகள் தற்போதைக்குப் போதும்; ஜனங்களுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது; இதைவிட அவசரமான ஊர்கள் இருக்கின்றன. நான் எழுந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் ஆடவில்லை. மனப்பாடமும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், காலிக் குடம் எதிரே வந்தால் காரியம் கெடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை, காரியம் கெடக்கூடாது என்று ஊரே தாகத்தோடு நின்று குடங்களை நிறைத்து வைத்தது, மெய்யாகவே தண்ணீர் இல்லாததால்தான் உங்கள் எஞ்சினியர் அவ்வளவு தண்ணீரைப் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேஜையைத் தட்டினார்கள். கௌரவ அங்கத்தினர் எப்போதும் நம்மை மகிழ்விப்பவர் என்று மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொய்யும் புளுகும் சொல்லி வோட்டு வாங்கியவன். அங்கே நின்று நான் பேசிய ஒரே கலப்பில்லாத உண்மைக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு. பழக்க தோஷத்தில் என் முகமும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது என்று பிறகு பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னார்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதையும் எஞ்சினியரே காரிடாரில் சொன்னார். வேறொரு ஊரில் பெண்கள் காலிக் குடங்களோடு அவருடைய ஜீப்பை மறித்துவிட்டார்களாம். ஒருத்தி குடத்தை ஜீப்பின்மேல் வீசியே விட்டாளாம். “பார்க்கவே பாவமாக இருந்தது” என்றார். “உங்கள் ஊர் மாதிரி வருமா! அந்தப் படங்களை என் மனைவிக்குக் காட்டினேன்.”

ஊருக்குத் திரும்பி இதை யாரிடம் சொல்வது? மாடு நுரை தள்ள வண்டி ஓட்டியவனிடமா? “குழாய் என்னாச்சு அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். “வந்துக்கிட்டு இருக்கு. வழியில தாகம்னு எங்கயோ உக்காந்திருக்கு” என்றேன். சிரித்தார்கள். அடுத்த சித்திரைக்கும் அதையே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. குழாயை அடுத்த ஊருக்கு விற்றுவிட்டேன் என்று பேச்சு வந்தது. எவ்வளவுக்கு விற்றேன் என்பதில்தான் கருத்து வேற்றுமை. அதே வாயால், “டில்லிக்காரன் வந்த அன்னைக்கு நாம குடுத்த வரவேற்பு மாதிரி எந்த ஊராவது குடுத்திருக்கா? நாம நம்ம பங்கைச் செஞ்சோம். இந்த ஆளுதான் கோட்டை விட்டுட்டாரு” என்றும் சொன்னார்கள். சொன்னவர்களில் பஞ்சாயத்துத் தலைவரும் உண்டு. அடுத்த தேர்தலில் அவரைத்தான் நிறுத்தினார்கள்.

மனைவியிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை மாட்டுக்கு வேறாக எடுத்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“அப்போ, வந்த மனுசன் முன்னால காலிக்கொடத்தைத் தூக்கிட்டுப் போயி நிக்கச் சொல்லுதியளோ?”

“அப்படி நின்ன ஊருக்குக் குழாய் கெடைச்சிருக்கு.”

“கெடைக்கட்டும். நாளைக்கு இன்னொருத்தன் பாக்க வந்தாலும் நான் அண்டாவை நிறைச்சு வச்சுக்கிட்டுத்தான் நிப்பேன்.” அரிசியை உலையில் இட்டுவிட்டு, “நாக்கு வறண்டு செத்தாலும்” என்றாள்.

இந்தச் சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நானே நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போனேன். வரிசையின் கடைசியில் குடத்தை வைத்தேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, “சேலை எங்க அண்ணாச்சி?” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. தேரடியில் கேட்ட சிரிப்பு அல்ல அது.

“வெளுக்கப் போட்டிருக்கு தாயி” என்றேன்.

சிரிப்பு அடங்கியது. வயதில் மூத்த ஒருத்தி எழுந்து வந்து என் குடத்தை எடுத்தாள். “மெம்பரா இருந்த மனுசன். காலிக்கொடத்தோட கடைசியில நிக்க விடலாமா? வழி விடுங்கட்டி!”

“வேண்டாம். நான் வந்த வரிசையிலயே நிக்கேன்.”

“நீங்க சும்மா இருங்க. நாளைக்கு எங்களைத்தான் ஊரு ஏசும்.”

குடம் கைமாறிக் கைமாறி முன்னால் போயிற்று. அடியில் சிரட்டை கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. கலங்கல் தண்ணீர் வாளி வாளியாக ஏறி, வெயிலில் காத்துக் கிடந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் குடம் நிறைந்தது. தூக்கியும் விட்டார்கள்.

ஊருக்குள் திரும்புகிற குறுகலான முடுக்குச் சந்தில், இடுப்பில் காலிக் குடத்தோடு ஒரு பெண் அவசர அவசரமாக எதிரே வந்தாள். வரிசைக்குக் கடைசியாகப் போகிறவள். அன்றைக்கு அவளுக்கு ஊறுமா என்று அம்மனுக்குத்தான் தெரியும். என்னைக் கண்டதும் நின்றாள். சட்டென்று சுவரைப் பார்க்கத் திரும்பி, முந்தானையால் அந்தக் குடத்தை மூடிக்கொண்டு, நான் கடந்து போகட்டும் என்று காத்திருந்தாள்.